பல்கலைக்கழக மருந்துச் சோதனை மலையேறி வரும்போது

நீலகிரியில் கூடலூர் பக்கத்து மருத்துவமனை வராண்டாவிலோ, கோத்தகிரி அருகே ஏதோ ஒரு ஹட்டியின் (படுகர் ஊரின்) சமுதாயக் கூடத்திலோ, கையில் ஃபைலோடு ஒருவர் வந்து உட்கார்ந்து, "ஒரு ஆய்வு நடக்குது, சேர்றீங்களா அக்கா?" என்று கேட்கிறார். என்ன மருந்து, பக்கவிளைவு உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த ஆய்வுக்கு ஸ்பான்சர், அதாவது பொறுப்பேற்பவர், யார்?

தாளின் தலையில் பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்ததும் பலர் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். கம்பெனி இல்லை, படித்தவர்கள், லாபத்துக்காகச் செய்யவில்லை என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் பாதி நியாயமானது. மீதிப் பாதிதான் மலைக்காரர்களுக்குச் சிக்கல்.

முதலில் நியாயமான பாதி. காப்புரிமை முடிந்த, பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மருந்தை வேறொரு நோய்க்குக் கொடுத்துப் பார்க்க எந்தக் கம்பெனிக்கும் ஆர்வம் இருக்காது. ஜெயித்தாலும் காசு வராது. அந்த வேலையைச் செய்பவை பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வு நிறுவனங்களும்தான். விபத்தில் ரத்தம் போகும்போது கொடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் இதற்கு நல்ல உதாரணம். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் நடத்திய கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளிலிருந்து 20,211 பேர் சேர்ந்தார்கள். இந்தியாவும் அதில் இருந்தது. 2010இல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 14.5 விழுக்காடு, போலி மருந்து பெற்றவர்களில் 16 விழுக்காடு. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். உலகம் முழுக்கக் கணக்குப் போட்டால் பெரிய எண்ணிக்கை. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. மலைப்பாதை வளைவில் வண்டி கவிழ்ந்து, ஆம்புலன்ஸ் கீழே இறங்கவே நேரம் ஓடிவிடும் ஊர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் மிக முக்கியமான சங்கதி.

நம் பக்கத்திலேயே இன்னும் பழைய உதாரணம் இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்துச் சத்தான சாப்பாடு போட்டு மருந்து கொடுப்பது ஒரு பக்கம், நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிடுவது இன்னொரு பக்கம். யாருக்கு எது என்பதைக் குலுக்கலில் போட்டார்கள். 193 பேர். வீட்டுச் சிகிச்சை சற்றும் சளைத்ததல்ல என்று 1959இல் தெரிந்தது. காசநோய் வந்தால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற நிலை உலகமெங்கும் மாறியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது நீலகிரிக்கு நெருக்கமான நோய்க்கு வருவோம். அரிவாள் செல் ரத்தசோகை, ஊரில் சொல்வதுபோல் 'சிக்கிள்': சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, அடிக்கடி கடும் வலி தரும் பரம்பரை நோய். ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் இதைக் கண்டு எழுதியது 1952இல். இன்று இதற்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா, முதலில் புற்றுநோய் மருந்து. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் சாமுவேல் சராஷ் தலைமையில் 299 பெரியவர்களிடம் செய்த ஆய்வு 1995இல் வெளியானது: போலி மருந்து பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 4.5 முறை வந்த வலி, மருந்து சாப்பிட்டவர்களுக்கு 2.5 முறைதான் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு அது. நம் ஊர் உடம்புக்கு எவ்வளவு டோஸ் போதும் என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்க வேண்டியதும் பல்கலைக்கழகம்தான்.

சரி, மீதிப் பாதி. ஒரு ஆய்வில் பணம் ஓரிடத்திலிருந்து வரும், பொறுப்பு வேறோரிடத்தில் இருக்கும். ஒரு அறக்கட்டளை நிதி தரலாம். ஆய்வைத் தொடங்கி, நடத்தி, கண்காணித்து, கேடு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்பான்சர். கம்பெனி ஆய்வில் இந்த இரண்டும் ஒருவரே. பல்கலைக்கழக ஆய்வில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஆய்வாளர் தானாகத் தொடங்கிய ஆய்வில் அவரோ அவருடைய நிறுவனமோதான் ஸ்பான்சர் இடத்தில் நிற்க வேண்டும் என்கின்றன ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். முதுநிலை மாணவரின் தீசிஸுக்கும் இது பொருந்தும். மாணவர் மூன்று வருடத்தில் படிப்பை முடித்துப் போய்விடுவார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டத்தில் ஒரு முக்கியமான திருப்பம் இருக்கிறது. 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளில் 'கல்விசார் சோதனை' என்று தனி வகை உண்டு. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை, புதிய நோய்க்கோ புதிய டோஸிலோ புதிய வழியிலோ கொடுத்துப் பார்ப்பது. முடிவை மருந்து விற்பனை அனுமதிக்குப் பயன்படுத்தாமல் ஆராய்ச்சிக்காக மட்டும் வைத்துக்கொள்வது. அப்படியானால் டெல்லியிலிருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் முன் அனுமதி தேவையில்லை. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, சம்மதித்தால் போதும்.

இதைத் தப்பு என்று சொல்ல மாட்டோம். ஒவ்வொரு பழைய மாத்திரைக்கும் டெல்லி வரை ஃபைல் போனால் ஒரு ஆய்வும் நடக்காது. ஆனால் இரண்டு கதவு இருந்த இடத்தில் ஒரே கதவு. அந்தக் கதவு யார் கையில் என்று பார்க்க வேண்டும். விதிப்படி குழுவில் குறைந்தது 7 பேர். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள்தான். ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆள், ஒரு சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல் பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டும். கூட்டம் செல்லுபடியாக 5 பேர் வர வேண்டும். ஆய்வு மலையில் நடக்க, அனுமதி கொடுத்த குழு சமவெளியில் ஏதோ ஒரு நகரத்தில் இருந்தால், அந்த 'சாதாரண ஆளு'க்குப் பணியர் குடியிருப்பான பாடிக்கும் எஸ்டேட் தொழிலாளர் லயனுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பழங்குடிகளிடம் செய்யும் ஆய்வு அவர்களுக்கே பலன் தருவதாக இருக்க வேண்டும், அந்தப் பகுதிக்குள் நுழையுமுன் நிர்வாக அனுமதி வேண்டும், ஊர்த் தலைவர் சரி என்றாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஆறு பழமையான பழங்குடிக் குழுக்களும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) வாழும் மாவட்டம் இது. ஐ.சி.எம்.ஆரின் இந்த மூன்று நிபந்தனைகளும் இங்கே அன்றாடம் தேவைப்படும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டிருந்தால் இன்னொரு படி உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அதைப் பார்த்திருக்க வேண்டும். ரத்த மாதிரி நாட்டைவிட்டுப் போகிறதா, போனால் எதற்கு, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பது சம்மதப் படிவத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒருவர் சொல்லி நம்ப வேண்டியதில்லை. சி.டி.ஆர்.ஐ. என்ற அரசின் மருந்துச் சோதனைப் பதிவேடு இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. 2007இல் தொடங்கியது, 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். பதிவு எண் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி, வருடம், மாதம், ஆறு இலக்கம் என்று வரும். அந்தப் பக்கத்தில் 'நிதி ஆதாரம்' ஒரு வரி, 'முதன்மை ஸ்பான்சர்' தனி வரி. இரண்டையும் பாருங்கள். எந்தெந்த மருத்துவமனையில் நடக்கிறது, அங்கங்கே நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்பதும் இருக்கும். உங்கள் மருத்துவமனையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இனி ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொண்டு உள்ளே நடப்பதைப் பார்ப்போம். சிக்கிள் நோயுள்ள பெரியவர்களுக்கு ஹைட்ராக்சியூரியா கிலோவுக்கு 10 மில்லிகிராம் போதுமா, 20 வேண்டுமா?

எத்தனை பேர் வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. குறைந்த டோஸில் நூற்றுக்கு 30 பேர் ஒரு வருடத்துக்குள் வலியால் மருத்துவமனையில் சேர்வார்கள், கூடுதல் டோஸில் அது 20 ஆகும் என்று எதிர்பார்த்தால், வழக்கமான கணக்கில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 290 பேர் தேவை. பத்தில் ஒருவர் இடையில் நின்றுவிடுவார் என்று வைத்தால் மொத்தம் 645 பேர் ஆகிவிடும். 30 என்பது 15 ஆகப் பாதியாகும் என்று ஆசைப்பட்டால் பக்கத்துக்கு 118 போதும். தீசிஸுக்கு 60 பேரை வைத்துக்கொண்டு 'இரண்டு டோஸுக்கும் வித்தியாசமில்லை' என்று முடிக்கும் ஆய்வுகளைப் பார்த்தால் இந்த எண்கள் நினைவுக்கு வர வேண்டும். வித்தியாசம் இல்லாமல் போகவில்லை. அதைக் காண ஆள் போதவில்லை. பதில் தர முடியாத ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கச் சொல்வதே நெறிமுறைத் தவறுதான் என்பது எங்கள் கட்சி.

அடுத்தது குலுக்கல். யாருக்கு எந்த டோஸ் என்பதை மருத்துவர் முடிவு செய்யக் கூடாது. செய்தால் உடம்பு தேறியவர்களெல்லாம் ஒரு பக்கம் போய்ச் சேர்வார்கள். நகரத்தில் கணினியில் தட்டினால் விடை வரும். முதுமலைப் பக்கம் சிக்னல் கிடைக்காத இடத்தில் எண் போட்டு ஒட்டிய உறைகள்தான். உறை மெல்லிசாக இருந்தால் ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்ப்பார்கள். தடித்த தாள் வைக்க வேண்டும். உறைகளை நான்கு நான்காக அடுக்கி, நான்கில் இரண்டு குறைந்த டோஸ், இரண்டு கூடுதல் டோஸ் என்று வைத்தால், மூன்றைப் பிரித்ததும் நான்காவது தெரிந்துவிடும். அதனால் நான்கும் ஆறுமாகக் கலந்து வைப்பார்கள்.

50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்த டோஸ் என்றால் 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் ஒன்று. கூடுதல் டோஸ் என்றால் இரண்டு. இப்படிக் கொடுத்தால் யாருக்கு எது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் எல்லோருக்கும் தினம் இரண்டு காப்ஸ்யூல். குறைந்த டோஸ்காரருக்கு அதில் ஒன்று போலி. போலி என்றதும் கோபப்பட வேண்டாம், இருவருக்குமே உண்மை மருந்து உண்டு. வெறும் போலி மருந்து மட்டும் கொடுப்பது, சரியான சிகிச்சை ஏற்கெனவே இருக்கிற இடத்தில் ஏற்க முடியாதது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகவே தொடங்கிய இடம். கடிபட்டவருக்குப் போலி ஊசி போட்டுப் பார்க்கும் ஆய்வை அங்கே மட்டுமல்ல, எங்கேயும் யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. அதற்குப் பதில், உண்மை ஊசி போட்டவரின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டைத் தொட்டதா என்றுதான் அளப்பார்கள்.

30 நாளுக்கு 60 காப்ஸ்யூல் கொண்ட பாட்டில் தருகிறார்கள், 28ஆம் நாள் வரச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். 56 போக 4 மிஞ்ச வேண்டும். செவிலியர் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்து எண்ணுவார். இது செல்களைத் தாக்கும் மருந்து என்பதால் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், காப்ஸ்யூலைப் பிரிக்கவே கூடாது. 20 மிஞ்சினால் மறந்திருக்கிறார். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். சிக்கிள் ஒரு வீட்டில் ஒருவரோடு நிற்கிற நோயில்லை. அண்ணனுக்கு வந்த மருந்தைத் தங்கைக்கு வலி வரும்போது பங்கு போட்டிருக்கலாம். திட்டினால் அடுத்த முறை உண்மை வராது. தங்கையையும் கூட்டிவரச் சொல்லி, அவருக்கு வழக்கமான சிகிச்சையைத் தொடங்குவதே வழி. இந்த மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கும், கருவைப் பாதிக்கக்கூடும். ரத்த எண்ணிக்கை பார்க்காமல் வயதுப் பெண் இதைச் சாப்பிடுவது ஆபத்து.

ரத்தம் எடுப்பதில்தான் மலை தன் வேலையைக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் அணுக்கள் எண்ண எடுப்பதில் அவ்வளவு தொந்தரவில்லை. பொட்டாசியம், சர்க்கரை போன்றவற்றுக்கு எடுப்பதில்தான் கோளாறு. கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், வளைவுகளில் ஜீப் குலுங்கும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்து, குழாயை உதறி, அப்படியே அனுப்பினால் சிவப்பணுக்கள் உடையும். உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, அறிக்கையில் ஆபத்தான எண் வரும். சிக்கிள் நோயாளிக்கு உடம்புக்குள்ளேயே அணுக்கள் உடைவதால், உடைந்தது உள்ளேயா குழாயிலேயா என்று யாருக்கும் புரியாது. நல்லது என்று நினைத்து ஐஸ் பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. சீரத்தை (அணுக்கள் நீங்கிய தெளிந்த திரவத்தை) பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் பொட்டாசியம் இன்னும் கூடும். எடுத்த இடத்திலேயே சின்ன சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றிப் பிரிக்கும் கருவி) வைத்துப் பிரித்து, பிரித்ததை மட்டும் குளிரில் அனுப்புவதே சரி. சர்க்கரைக்கு ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். இல்லையென்றால் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறைந்துகொண்டே போகும்.

உயரத்தையும் மறந்துவிடுகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. இங்கே வாழ்பவர் உடம்பு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும். சென்னையில் உட்கார்ந்து எழுதிய புரோட்டோகாலில் (ஆய்வின் செயல்திட்டத்தில்) 'ஆக்சிஜன் 95க்குக் கீழ் என்றால் சேர்க்காதே' என்று ஒரு வரி இருந்தால், நல்ல ஆரோக்கியமானவர்களும் வெளியே போவார்கள். ரத்தசோகை எல்லையை உயரத்துக்கு ஏற்பத் திருத்தாவிட்டால் சோகை உள்ளவரும் இல்லாதவராகிவிடுவார். தடுப்பூசி ஆய்வு என்றால், டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் ஊசி கெடுவது சூட்டினால் அல்ல, உறைவதனால். அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசி ஒருமுறை உறைந்தால் போச்சு.

குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பின் வரலாம் என்று புரோட்டோகால் சொல்லும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிச் சாலையில் மண் சரிந்தால் அந்த மூன்று நாள் போதாது. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலேயே மழை. வருகை நாட்களை மழைக் காலண்டரோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யாத ஆய்வில் பாதி எண்கள் காணாமல் போகும். கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாள் வருகை என்றால் ஒரு நாள் கூலி நஷ்டம். பஸ் கட்டணம் மட்டும் கொடுத்து 'ஒத்துழைப்பு இல்லை' என்று புலம்புவதில் அர்த்தமில்லை. கூலி ஈடும் கொடுக்கலாம், நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் போதும். ஆய்வுக்காகக் கூடுதலாகச் செய்யும் பரிசோதனைக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

சம்மதப் படிவத்துக்கு வருவோம். "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டுவதுதான் வழக்கம். அந்தப் பக்கத்தில் பெயர், வயது, முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் என்று வரிகள் போகும். அதற்குக் கீழே வாரிசுதாரர் பெயர், உறவு, முகவரி. ரேஷன் கார்டு போலிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். சோதனையால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்கான வரி அது. காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கினால், அந்த ஒன்றைப் பார்த்தே ஆய்வுக் குழுவின் தரத்தைச் சொல்லிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு நடுநிலைச் சாட்சி கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஆய்வுக் குழுவில் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது; இருளமோ பணிய மொழியோ படுகமோ, கேட்பவரின் பேச்சு அவருக்குப் புரிய வேண்டும். படிவம் தமிழில்தான் அச்சாகி இருக்கும், விளக்கம் அவரவர் மொழியில் போக வேண்டும். கையெழுத்தான நகல் ஒன்று உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வீடியோ எடுப்பது எல்லா ஆய்வுக்கும் கட்டாயமில்லை. முற்றிலும் புதிய மருந்தை, எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களிடம் சோதிக்கும்போது மட்டும்தான். பழைய மருந்தை வைத்து நடக்கும் பல்கலைக்கழக ஆய்வில் பெரும்பாலும் கேமரா இருக்காது, சாட்சிதான் எல்லாம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும்) தடுப்பூசி ஆய்வில், பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டது பின்னால் நாடாளுமன்றக் குழு வரை போனது. உண்டு உறைவிடப் பள்ளிகள் நிறைந்த மலை இது. ஹெட்மாஸ்டர் கையெழுத்து பெற்றோர் கையெழுத்து ஆகாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் சரியா என்று கேட்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் என்றால் எழுத்தில்.

கேடு வந்தால்? மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு எது நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் மேலே தெரிவிக்க வேண்டும். சோதனையால் வந்த பாதிப்புக்குச் சிகிச்சை இலவசம். மரணத்துக்கு 2019 விதிகளில் சூத்திரமே இருக்கிறது: 8 லட்சத்தை வயதுக்கான எண்ணாலும், நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி, 99.37ஆல் வகுக்க வேண்டும். தீவிர எண் 0.5 முதல் 4 வரை. சாகக் கிடப்பவருக்குக் குறைவு, நல்ல ஆரோக்கியத்தோடு வந்தவருக்கு அதிகம். 65 வயதுக்காரருக்கு வயது எண்ணே 99.37 என்பதால், ஆரோக்கியமானவராக இருந்தால் 32 லட்சம், ஆறு மாதம் தாங்காத நோயாளியாக இருந்தால் 4 லட்சம். வயது குறையக் குறையத் தொகை ஏறும்.

தொகையை யார் கொடுப்பார்கள் என்பதில்தான் முதல் கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. கம்பெனிக்குக் காப்பீடு இருக்கும். பல்கலைக்கழகத்தில் காப்பீடோ தனி நிதியோ வைக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். சொல்கிறது. படிவத்தில் 'விதிகளின்படி இழப்பீடு வழங்கப்படும்' என்று ஒரே வரி இருந்தால் விடாதீர்கள். பாலிசி உண்டா, எண் என்ன, எந்தத் தேதி வரை செல்லும், இல்லையென்றால் எந்தக் கணக்கிலிருந்து, யார் கையெழுத்தில் வரும் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சேர்வதில் பயமில்லை.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாமல், ஒருமுறை போய் மிச்ச மருந்தைக் கொடுத்து, கடைசி ரத்தப் பரிசோதனையை முடித்துக்கொள்வது உங்களுக்குத்தான் நல்லது. அதுவரை சேர்ந்த தகவல் ஆய்விலேயே இருக்கும். மீதி ரத்த மாதிரியை அழித்துவிடச் சொல்லிக் கேட்கலாம்.

ஆய்வு முடியும் நாள் பற்றிச் சேரும் நாளிலேயே பேசிவிட வேண்டும். ஒரு வருடம் வலியில்லாமல் இருந்தவருக்குக் கடைசி வருகையோடு மருந்து நின்றால், வலி திரும்ப வர அதிக நாள் ஆகாது. அதன்பின் மருந்து யார் தருவார்கள், அரசு மருத்துவமனையில் அதே டோஸ் கிடைக்குமா, மாதாமாதம் ரத்தம் யார் பார்ப்பார்கள், தனக்கு வந்தது எந்த டோஸ் என்று எப்போது சொல்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். கடைசி பாட்டில் கையில் இருக்கும்போதே அரசு மருத்துவமனையில் சீட்டுப் போட்டு, ஆய்வுக் குழு தரும் சுருக்கத்தையும் ரத்த அறிக்கைகளையும் அந்த மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.